இன்டர்நெட் போனில் மணி அடிக்கிறது, குரல் வரவில்லையா? வீட்டு ரௌட்டர் போர்ட்களை அமைக்கும் முறை





கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகைக்குப் பிறகு என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எங்க வீட்டு போன் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானாவே அடிக்குது. எடுத்தா யாரும் பேசுறதில்ல. நம்பரைப் பார்த்தா வெறும் 100-னு வருது. அம்மா ரொம்ப பயந்துட்டாங்க. ஏதாவது ஓதி ஊதணுமா?" என்று கேட்டார்.

நடுநிசியில் போன் அடித்தால் நம் வீடுகளில் முதலில் தோன்றுவது மவுத்துச் செய்திதான். மகன் தம்மாமில் வேலை பார்க்கும் தாய்க்கு அந்த மணியோசை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விசாரித்தபோது, இது ஊதிப் பார்க்க வேண்டிய விஷயமில்லை என்று தெரிந்தது. அந்தச் சகோதரர் சென்னை நிறுவனம் ஒன்றின் பொருட்களை வாங்கி விற்பவர். அந்த நிறுவனம் அவர் வீட்டில் ஓர் இன்டர்நெட் போன் வைத்துக் கொடுத்திருந்தது. அதில் மணி அடிக்கும், குரல் கேட்காது. தெரிந்த பையன் ஒருவன் வந்து, "ரௌட்டரில் போர்ட் எல்லாத்தையும் திறந்து விட்டுட்டேன், இனி பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்த வாரமே இரவு மணிகள் ஆரம்பித்துவிட்டன.

நான் மதரஸாவில் ஓதியவன்; கல்லூரியில் படித்ததும் கலைப் பாடம்தான். எனவே எனக்குப் புரியும் வரை கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே வரிசையாகத் தருகிறேன். சுருக்கம் இதுதான்: பெரும்பாலான வீடுகளில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையே இல்லை. வேறு இரண்டு மூன்று அமைப்புகளைச் சரிசெய்தால் போதும். தேவைப்பட்டே தீரும் என்றால், ஒரு கதவை ஒருவருக்கு மட்டும் திறக்க வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

இன்டர்நெட் வழியாகப் பேசும் எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரால் அழைத்தாலும், அதில் மூன்று வகை உண்டு.

1. ஃபைபர் இணைப்புடன் வரும் லேண்ட்லைன்: சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியின் பின்னால் 'போன்' என்று எழுதிய துளையில் சாதாரண போனைச் செருகிப் பேசுவது. இதன் அமைப்பு முழுவதையும் இணைப்பு தரும் நிறுவனமே தன் பக்கத்திலிருந்து செய்துவிடுகிறது. இதில் நீங்கள் தொட வேண்டிய போர்ட் எதுவும் இல்லை. பேச முடியவில்லை என்றால் அவர்களிடம் புகார் பதிவு செய்வதுதான் வழி.

2. வாட்ஸ்அப் போன்ற செயலிகள்: இவை தாமாகவே வெளியே போய்ப் பாதை அமைத்துக்கொள்ளும்படி உருவாக்கப்பட்டவை. இவற்றுக்காகவும் வீட்டு ரௌட்டரில் போர்ட் திறக்கத் தேவையில்லை.

3. எஸ்ஐபி போன்: அலுவலகமோ தொலைபேசி நிறுவனமோ ஒரு பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் கொடுத்து, மேசை போனிலோ, சாதாரண போனை இணைக்கும் சிறு அடாப்டரிலோ, செல்போன் செயலியிலோ அதைப் பதிவு செய்யச் சொல்வது. வீட்டிலிருந்து வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் நம் சகோதரிகள், தொழிற்பேட்டையில் சிறு அலுவலகம் வைத்திருப்பவர்கள், கிளை அலுவலகத்தை வீட்டிலேயே நடத்துபவர்கள் ஆகியோரிடம் இருப்பது இதுதான்.

இந்தக் கட்டுரையின் அமைப்புகள் பெரும்பாலும் மூன்றாவது வகைக்கானவை. முதல் இரண்டு வகை வைத்திருப்பவர்கள் மின்சாரம், சட்டம் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தாலும் போதும்.

போர்ட் என்றால் என்ன?

சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனையோ பிரிவுகள் இருந்தாலும் சாலைக்கு ஒரே கேட், ஒரே முகவரி. கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். உள்ளிருந்து ஒருவர் வெளியே போனால், எந்தப் பிரிவுக்காரர், எங்கே போகிறார் என்று எழுதிக்கொள்வார். அந்த வேலையாகப் பதில் வந்தால் சரியான பிரிவுக்கு அனுப்புவார். யாரும் அழைக்காமல் வெளியாள் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் ரௌட்டர் செய்வதும் இதுவே. வீட்டில் உள்ள செல்போன், டிவி, போன் ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று ஆரம்பிக்கும் உள்முகவரி இருக்கும். வெளியுலகுக்குத் தெரிவது ரௌட்டரின் ஒரே முகவரி. எந்தத் தகவல் யாருக்கு உரியது என்று பிரித்துக் காட்டும் எண்தான் போர்ட். இந்த எண்கள் 0 முதல் 65535 வரை உண்டு. உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றி, திரும்பி வருவதைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு என்ஏடி என்று பெயர்.

எஸ்ஐபி போனுக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் தேவை.

• அழைப்பு விடுப்பது, மணி அடிப்பது, துண்டிப்பது ஆகிய செய்திகளுக்கு எஸ்ஐபி. இதன் வழக்கமான போர்ட் 5060. மறையாக்கம் செய்து அனுப்பினால் 5061.

• குரலைச் சுமந்து செல்வது ஆர்டிபி. இதற்கு நிலையான ஒரே எண் கிடையாது. ஒரு வரிசையிலிருந்து ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளப்படும். பல அமைப்புகளில் அந்த வரிசை 10000 முதல் 20000 வரை. உங்களுக்கான வரிசை எது என்று போன் சேவை தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணி அடித்தும் குரல் வராததற்குக் காரணம் இந்த இரட்டைப் பாதைதான். முதல் பாதை திறந்திருக்கிறது. இரண்டாவது பாதையில் வந்த குரல் கேட்டிலேயே நின்றுவிட்டது.

மூன்று நோய்களும் அவற்றின் காரணமும்

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது: அழைப்புச் செய்திக்குள் போன் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. அது 192.168.1.5 என்ற உள்முகவரியாக இருந்தால், எதிர்முனை குரலை அந்த முகவரிக்கு அனுப்பப் பார்க்கும். அது வெளியுலகில் செல்லாத முகவரி. நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது நமக்கு வந்து சேராது.

சரியாக அரை நிமிடத்தில் துண்டிப்பது: போனை எடுத்தவுடன் உங்கள் போன் 'எடுத்துவிட்டேன்' என்று செய்தி அனுப்புகிறது. 'கிடைத்தது' என்ற பதில் அதற்கு வர வேண்டும். வராவிட்டால் போன் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, 32 விநாடியில் அழைப்பை முடித்துவிடும். எஸ்ஐபி முறையிலேயே இந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதே 30, 32 விநாடியில் துண்டிக்கிறது என்றால் அது லைன் கோளாறு அல்ல. பதில் வரும் வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

வெளியே பேச முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு அடிப்பதில்லை: செக்யூரிட்டியின் நோட்டில் எழுதியது நிரந்தரம் அல்ல. சில ரௌட்டர்கள் அரை நிமிடத்தில், சில ஓரிரு நிமிடங்களில் அந்தக் குறிப்பை அழித்துவிடும். போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சர்வரில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் வரும் அழைப்பு, குறிப்பு இல்லாததால் கேட்டோடு திரும்பிவிடும்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததும் ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த படிக்குப் போக வேண்டாம். பழைய அமைப்பை முன்கூட்டியே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

1. ரௌட்டருக்குள் நுழைதல்

வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் ரௌட்டரின் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. சில பெட்டிகளின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். 'அட்மின், அட்மின்' என்றே இன்னும் இருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் அதை மாற்றுங்கள்.

2. எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைத்தல்

பாதிக்கும் மேற்பட்ட தொல்லைகள் இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஏஎல்ஜி என்பது எஸ்ஐபி செய்திகளைப் பிரித்துப் படித்து, உள்ளே இருக்கும் முகவரியைத் திருத்தி அனுப்பும் வசதி. நோக்கம் உதவுவதுதான். ஆனால் பல ரௌட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்திக் குழப்பிவிடுகிறது. கடிதத்தைப் பிரித்து முகவரியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதும் தபால்காரரைப் போன்றது. இன்றைய சர்வர்கள் என்ஏடியைத் தாமே சமாளிக்கின்றன. இடையில் இன்னொருவர் திருத்தத் தேவையில்லை.

இது 'அட்வான்ஸ்டு' பகுதியில், 'என்ஏடி ஃபார்வர்டிங்', 'ஃபயர்வால்' அல்லது 'ஏஎல்ஜி' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். எஸ்ஐபி என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்து, சேமித்து, ரௌட்டரையும் போனையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சில நிறுவனங்கள் தரும் பெட்டியில் இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் வாடிக்கையாளர் சேவையில் "எஸ்ஐபி ஏஎல்ஜியை ஆஃப் செய்து தாருங்கள்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.

3. போன் பக்கத்தில் செய்ய வேண்டியது

போன் அல்லது செயலியின் அமைப்பில் 'கீப் அலைவ்' என்பதை இயக்கி, 20 முதல் 30 விநாடி என்று வையுங்கள். அதன்பின் போன் அவ்வப்போது ஒரு சிறு செய்தி அனுப்பி, செக்யூரிட்டியின் நோட்டில் தன் பெயர் அழியாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே வரும் அழைப்பு அடிக்காத நோய்க்கு இதுவே மருந்து.

'ஸ்டன்' என்ற வசதி இருந்தால், சேவை தருபவர் கொடுக்கும் ஸ்டன் சர்வர் முகவரியை எழுதுங்கள். அதன் வழக்கமான போர்ட் 3478. "வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரி என்ன?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அழைப்பில் சரியான முகவரியை எழுத இது உதவும். சேவை தருபவர் தேவையில்லை என்றால் விட்டுவிடலாம். 5061 வழியாக டிஎல்எஸ் முறையில் இணைய அவர் அனுமதித்தால் அதையே தேர்ந்தெடுங்கள். செய்தி மறைக்கப்பட்டுச் செல்வதால் இடையில் எந்த ஏஎல்ஜியாலும் அதைத் திருத்த முடியாது.

4. இரண்டு ரௌட்டர் இருக்கிறதா?

ஃபைபர் பெட்டி ஒன்று, மாடிக்கு வைஃபை வர வேண்டும் என்று கடையில் வாங்கிய ரௌட்டர் ஒன்று என்று பல வீடுகளில் இரண்டு இருக்கும். இரண்டுமே என்ஏடி செய்தால், ஒரு கேட்டுக்குள் இன்னொரு கேட், இரண்டு நோட்டு என்றாகிவிடும். வாங்கிய ரௌட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். வைஃபை அப்படியே வரும். இரண்டாவது கேட் மறைந்துவிடும்.

5. உங்கள் வெளிமுகவரி உங்களுடையதுதானா?

ரௌட்டரின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் வேன் ஐபி என்று ஓர் எண் இருக்கும். அதே நேரத்தில், உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அல்லது வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஆரம்பித்தால், உங்கள் நிறுவனம் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். இதற்கு சிஜிஎன்ஏடி என்று பெயர். இப்படிப்பட்ட இணைப்பில் வீட்டு ரௌட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பலன் இல்லை. தெருமுனையில் இன்னொரு கேட் பூட்டியிருக்கிறது. அதன் சாவி உங்களிடம் இல்லை. மூன்றாவது படியில் சொன்னவை மட்டுமே அங்கு வேலை செய்யும். இல்லையென்றால் தனிக் கட்டணம் செலுத்தி நிலையான ஐபி வாங்க வேண்டும்.

6. கடைசியாக, போர்ட் ஃபார்வர்டிங்

மேலே சொன்ன அனைத்தும் செய்த பிறகும் சேவை தருபவர் "போர்ட் திறந்தே ஆக வேண்டும்" என்று எழுத்தில் சொன்னால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

• முதலில் போனுக்கு நிலையான உள்முகவரி கொடுங்கள். டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறி, திறந்த கதவு வீட்டு டிவிக்குப் போய்ச் சேரும்.

• 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' பக்கத்தில், சேவை தருபவர் சொன்ன போர்ட்டை, யுடிபி என்று தேர்ந்தெடுத்து, போனின் உள்முகவரிக்கு அனுப்புங்கள்.

• ஆர்டிபிக்கு 10000 முதல் 20000 வரை முழுவதையும் திறக்காதீர்கள். ஓர் அழைப்புக்கு 2 போர்ட் போதும். போனின் அமைப்பிலேயே வரிசையை 10000 முதல் 10010 வரை என்று குறைத்துவிட்டு, அதை மட்டும் திறங்கள்.

• 'சோர்ஸ் ஐபி' என்ற கட்டம் இருந்தால், அதில் சேவை தருபவரின் சர்வர் முகவரியை எழுதுங்கள். அப்போது அந்தக் கதவு அவர் ஒருவருக்கு மட்டுமே திறக்கும்.

• 'டிஎம்இசட்' என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். அது கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு செக்யூரிட்டியை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம்.

இரவு 2 மணி அழைப்பின் ரகசியம்

அந்தச் சகோதரரின் வீட்டில் நடந்தது இதுதான். பையன் போனின் முகவரியை டிஎம்இசட்டில் போட்டிருந்தான். இணையத்தில் எந்நேரமும் 5060 போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று வீடு வீடாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. திறந்த கதவு கிடைத்ததும் ஒரு பொய் அழைப்பை அனுப்பிப் பார்க்கும், போன் அடிக்கும். எண் 100, 1000, 1001 என்று வருவதற்குக் காரணம், அலுவலகங்களில் வழக்கமாக வைக்கும் உள் எண்களை அவை முயன்று பார்ப்பதுதான்.

மணி அடிப்பதோடு அது முடிவதில்லை. 1001 என்ற பயனருக்கு 1001 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால், அவர்கள் உங்கள் கணக்கில் நுழைந்து, நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு இரவு முழுவதும் பேசவிடுவார்கள். பில் உங்கள் பெயரில் வரும். தொழிற்பேட்டையில் தங்களுக்கென்று சிறு எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் அலுவலகங்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு நான்கு காரியங்கள்:

• நீண்ட, யூகிக்க முடியாத எஸ்ஐபி கடவுச்சொல்.

• தன் சர்வரிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும்படி போனை அமைப்பது. கிராண்ட்ஸ்ட்ரீம், யேலிங்க் போன்ற போன்களில் இதற்கென்றே தனிக் கட்டம் உண்டு.

• வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் சேவை தருபவரிடம் சொல்லி ஐஎஸ்டியைப் பூட்டி வைப்பது. தேவை என்றால் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கச் சொல்வது.

• ரௌட்டரில் யுபிஎன்பி வசதியை அணைப்பது. வீட்டில் உள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே போர்ட் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கும்.

குரல் விட்டு விட்டு வந்தால்

இதற்கும் போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஜி.711 என்ற வழக்கமான முறையில் குரலுக்கு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் ஆகும். முகவரி உறைகளையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 90 கிலோபிட். போகவும் வரவும் அதே அளவு. ஃபைபர் இணைப்புக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அதே நேரத்தில் சிசிடிவி கேமரா பதிவை ஏற்றிக்கொண்டிருந்தாலோ, பிள்ளைகள் பெரிய வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தாலோ குரல் வரிசையில் காத்திருக்க நேரும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். அதைவிட மிகவும் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

ரௌட்டரில் 'க்யூஓஎஸ்' பகுதி இருந்தால் போனுக்கு முதல் முன்னுரிமை கொடுங்கள். முடிந்தால் போனை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணையுங்கள். கேபிளுக்கு வழியில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் அதில் குறைவு. சுவர் அதிகம் தாண்டாது என்பதால் ரௌட்டர் இருக்கும் அறையிலேயே போனை வைப்பது நல்லது.

மின்சாரம் போனால் போனும் போகும்

பெரியவர்கள் இருக்கும் வீடுகள் இதை அவசியம் கவனத்தில் கொள்ள வேண்டும். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஊரே இருண்டாலும் அந்த போன் பேசும். ஃபைபரில் மின்சாரம் வராது. ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் அணைந்தால் போனும் அணைந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நம் பகுதிக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சேவையும் சேர்ந்தே தடைபட்டதை நாம் பார்த்தோம். ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கி ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் இணைத்தால் சில மணி நேரம் தாங்கும். வாங்குவதற்கு முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசர அழைப்புக்கு இன்டர்நெட் போனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அலுவலகம் கொடுத்த எண் சென்னை முகவரியில் பதிவாகியிருக்கும். நீங்கள் இருப்பதோ கவரைப்பேட்டையிலோ பழவேற்காட்டிலோ இருக்கலாம். ஆகவே 112, 108 ஆகிய எண்களை அழைக்க சார்ஜ் உள்ள ஒரு செல்போன் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அத்தா, அம்மாவுக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இணையவழித் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரண போனுக்கு அழைக்க முடியாது என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. 2018-ல் தொலைத்தொடர்புத் துறை அளித்த தெளிவுரைக்குப் பிறகு, உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் எந்த இணைய இணைப்பின் வழியாகவும் சாதாரண எண்களுக்கு அழைக்கும் சேவையைத் தரலாம் என்றானது. அந்த ஆண்டிலேயே பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற பெயரில் செயலி வழிச் சேவையை அறிவித்தது. எனவே உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து எண் வாங்கி வீட்டில் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை.

தவறு எங்கே நுழைகிறது என்றால், "உங்கள் வீட்டில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ரௌட்டரில் இணைத்து சில போர்ட் திறந்துவிட்டால் போதும், மாதம் வாடகை தருகிறோம்" என்று யாராவது வரும்போது. அது பல சிம் கார்டுகள் செருகிய சிம் பாக்ஸ். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் எண்ணாக மாற்றிவிடும் சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச். மோசடிக் கும்பல்கள் தங்கள் இருப்பிடத்தை மறைக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தமிழகம் உட்பட பல மாநிலங்களில் காவல்துறை இவற்றைப் பறிமுதல் செய்து, இடம் கொடுத்தவர்களையும் கைது செய்திருக்கிறது. தொழிற்பேட்டைப் பகுதிகளில் அறை வாடகைக்கு விடும் நம் சகோதரர்கள், யார் என்ன கருவி வைக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகமான அழைப்புகளை சஞ்சார் சாத்தி இணையதளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புகள்

"துபையிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் பேச முடியவில்லை, இங்கே ரௌட்டரில் என்ன மாற்ற வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். இங்கே மாற்ற ஒன்றுமில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகள் வழியாக மட்டுமே இணையக் குரல் அழைப்பு செய்ய முடியும். போட்டிம் அவற்றில் ஒன்று. தடை அந்த நாட்டின் வலையமைப்பில் இருக்கிறது. திருவள்ளூரில் உள்ள ரௌட்டரை எப்படி அமைத்தாலும் அது நீங்காது.

விபிஎன் போட்டுத் தாண்டிவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லாதீர்கள். ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் புரிவதற்கு அமீரகச் சட்டத்தில் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. அனுமதி பெற்ற செயலியை இரு பக்கமும் நிறுவிக்கொள்வதே பாதுகாப்பு. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில், தன் விதிகளை ஏற்ற செயலிகளுக்கான தடையை நீக்கியது. நாட்டுக்கு நாடு நிலைமை மாறுகிறது. பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

முடிவாக

அந்தச் சகோதரரின் வீட்டுக்கு மறுநாள் அஸருக்குப் பிறகு போயிருந்தோம். டிஎம்இசட்டை எடுத்தோம். எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைத்தோம். போனில் கீப் அலைவை 30 விநாடி என்று வைத்தோம். ரௌட்டரின் கடவுச்சொல்லை மாற்றினோம். ஒரு போர்ட்கூடத் திறக்கவில்லை. சென்னை அலுவலகத்துக்கு அழைத்துப் பார்த்தார். இரு பக்கமும் குரல் தெளிவாக இருந்தது. 32 விநாடியைத் தாண்டியும் பேச்சு தொடர்ந்தது. அன்று இரவு போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த இரவும் அடிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த அம்மா சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது: "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலேயே பயந்துட்டேன்." நம் வீட்டில் யார் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டும். இன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் ரௌட்டரின் போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட் பக்கங்களைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாதது ஏதேனும் அங்கே இருந்தால், குறித்து வைத்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். தேவையானது என்றால் சேவை தருபவரைக் கேட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.